பக்கத்துப் பாத்தி

இதை வாசிக்கும் உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவர் மணியடித்துத் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, போர்த்திய பொன்னாடையோடு வீட்டுக்குப் போய்விடுவார். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சாட்சிக்கு அந்த வசதி கிடையாது. கண்டதைக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லியாக வேண்டும். எனவே, வெள்ளானூரில் ஏரிக்குப் போகும் தெருவின் கடைசியில், பழைய சேலைகளை வேலியாகக் கட்டிய அந்தக் காய்கறித் தோட்டத்தின் வாசலில் என்னோடு வந்து நில்லுங்கள். குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மற்றப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்மணியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தெரு முழுவதும் அவரைப் பாயம்மா என்றுதான் அழைத்தது. இங்கும் அதுவே போதும்.

பூந்தமல்லியில் தையற்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். கணவர் காலமான பின்பும் வெள்ளானூர் வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. எங்கள் தெருப் பெண்களின் ரவிக்கைகளில் பாதி அவர் தைத்தவை. நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். அவருடைய சொந்த ரவிக்கையின் கைவிளிம்பு மட்டும் கோணலாக மடிந்திருக்கும். ஏனென்றால் அதை அவர் தைக்கமாட்டார். தெருவின் மறுகோடியில் குடியிருந்த செல்வியிடம் கொடுத்துத் தைக்கச் சொல்வார். செல்விக்கோ ஊசியில் நூல் கோப்பதே பெரும்பாடு. ஒரு திருமண வீட்டில் என் அம்மா இதைக் கேட்டே விட்டார்.

"என்ன பாயம்மா, ஊருக்கெல்லாம் தைக்கிய. ஒங்க கை மட்டும் இப்படி ஏறி எறங்கிக் கெடக்கு?"

பாயம்மா கையை நீட்டிப் பெருமையாகக் காட்டினார். "செல்வி தெச்சது. போன தபாவுக்கு இது எவ்ளோ தேவல, பாரு."

அவர் குணத்தின் வேர் இதுதான். தன்னுடைய காரியம் ஒன்று எப்போதும் இன்னொருவர் கையில் இருந்தாக வேண்டும். அந்தக் கை எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு அது எப்போதும் இனிமையாக இருந்ததில்லை.

தோட்டத்தின் கதைக்கு வருகிறேன். ஊராட்சியின் அனுமதி பெற்றுத் தெருப் பெண்கள் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து அந்தப் புறம்போக்கு நிலத்தைத் திருத்தினார்கள். நிலம் தரிசாகக் கிடக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. முதல் கோடையில் அவரவர் பாத்திக்கு அவரவர் தண்ணீர் ஊற்றினார்கள். முந்தி வந்தவளின் பாத்தி குளமாயிற்று; பிந்தி வந்தவளின் பாத்தி வெடித்துப் பிளந்தது. குடங்கள் மோதின, கூந்தல்கள் அவிழ்ந்தன, குடும்ப வரலாறுகள் குழாயடியில் உரக்க வாசிக்கப்பட்டன. தோட்டம் கலைந்துவிடும் என்ற நிலையில் பாயம்மா ஒரு விதியைச் சொன்னார். எவளும் தன் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வலப்பக்கத்துப் பாத்திக்குத்தான் ஊற்ற வேண்டும். தன் பாத்தியில் விளைவதைப் பறித்துக்கொள்ளலாம், அவ்வளவே. கடைசிப் பாத்திக்காரி சுற்றி வந்து வாசலோரம் இருக்கும் முதல் பாத்திக்கு ஊற்ற வேண்டும்.

"என் பாத்திய நானே பாத்துக்கறதுல இன்னா பெருமை கீது? அத எவளும் பண்ணுவா," என்றார். மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. சண்டை போட்டு எல்லோரும் அவ்வளவு களைத்திருந்தார்கள்.

வாசற்பாத்தி பாயம்மாவுடையது. கடைசிப் பாத்தி செல்வியுடையது. ஆகவே பாயம்மாவின் கத்தரியும் மிளகாயும் பிழைத்திருப்பது செல்வியின் கையில் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடப்பதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

விதியை அவர் காத்த விதம் அச்சமூட்டுவது. என் அம்மா ஒருநாள் உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். சித்திரை வெயிலில் பக்கத்துப் பாத்தியின் கொத்தமல்லி துவண்டுவிட்டது. மறுநாள் பாயம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாடிய கொத்தமல்லியை ஒரு கை பறித்து வந்து, நாங்கள் சாப்பிடும் மேசையின் நடுவில் வைத்தார். காப்பி கேட்டுக் குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். போய்விட்டார். கொத்தமல்லியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

"இது பண்பா, மிரட்டலா?" என்று நான் அம்மாவிடம் கேட்டேன். மேடையில் கேட்பதுபோலவே கேட்டேன்.

"சும்மா இருல," என்றார் அம்மா.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சொற்போர் மேடைகளில் தொடர்ந்து பரிசு பெற்றுவந்தவன். அடக்கம் கருதி அதை மறைப்பது பொய்யாகும். மூன்று நிமிடம் கொடுத்தால் எந்தத் தலைப்பின் எந்தப் பக்கத்தையும் நிலைநிறுத்துவேன். பாயம்மாவுக்கு இது தீராத வேடிக்கை. என்னைக் கண்டால் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "இன்னா ரேடியோ, இன்னிக்கு எந்த ஸ்டேஷன்?" என்பார். நான் எதைச் சொன்னாலும் முழுவதும் கேட்பார். கேட்டு முடித்ததும், "நல்லா கீது நைனா. கரன்ட் போயிடப்போவுது, போய் சாப்டு," என்பார்.

அந்த ஆண்டுக் கத்திரி வெயிலில்தான் விவகாரம் வெடித்தது.

தோட்டத்துக்குப் பின்னால் மனை பிரித்து விற்கும் ஒருவர் கல் நட்டிருந்தார். அந்த மனைகளுக்குத் தெருவிலிருந்து போக நேர்வழி இல்லை. நடுவில் தோட்டம் கிடந்தது. பெண்கள் நிலத்தைப் பயிரிடாமல் வளைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு மனு போனது. வருவாய்த்துறை ஆய்வாளர் வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. தரிசாகக் கிடக்கும் பகுதியைப் பாதைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்றும், பயிர் இருந்தால் தோட்டம் இருக்கும் என்றும் ஊராட்சியில் சொன்னார்கள். வாசலோரத்தில் ஒரு பாத்தி போனால் போதும், லாரி நுழைந்துவிடும். லாரி நுழைந்த பிறகு மீதிப் பாத்திகள் எத்தனை நாள் இருக்கும்?

செல்வியின் கணவர் குமார் சுமை வண்டி ஓட்டுபவர். அந்த மனைகளுக்கு ஜல்லி இறக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. ஆய்வாளர் வரப்போகும் செய்தி பரவிய அன்றே, தோட்டத்துப் பக்கம் போனால் அடி விழும் என்று மிரட்டி அவர் செல்வியைத் தடுத்துவிட்டார். செல்வி வரவில்லை. கடைசிப் பாத்திக்கு அதன் இடப்பக்கத்துக்காரி வழக்கம்போல ஊற்றினாள். அது பச்சையாகவே இருந்தது. வாசற்பாத்திக்கு ஊற்ற ஆள் இல்லை.

இரண்டு நாளில் கத்தரி இலைகள் தலை தொங்கின. அடுத்த நாள் மிளகாய்ச் செடிகள் இலை சுருண்டன. போகிறவர் வருகிறவர் கண்ணில் முதலில் படும் பாத்தி அது. பாயம்மா அதன் வரப்பிலேயே உட்கார்ந்து, அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

வியாழக்கிழமை மாலை பெண்கள் அனைவரும் வாசலில் கூடிவிட்டார்கள். என் அம்மா நிறைகுடத்தோடு முன்னால் வந்தார். "நான் ஊத்துதேன் பாயம்மா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும். யார்ட்டயும் சொல்ல மாட்டோம்."

பாயம்மா எழுந்து பாத்திக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றார். "உனுக்கு ஊத்த உன் பக்கத்துப் பாத்தி கீதுல்ல? இது செல்வி ஊத்த வேண்டியது."

"செல்விதான் வரலியே!"

"வருவா."

"வராட்டி?" என்று ஒருத்தி கத்தினாள். "உன் பிடிவாதத்துக்கு எங்க சோத்துல மண்ணா? நீயே ஒரு சொம்பு ஊத்தினா இன்னா, கை உழுந்துடுமா?"

இந்த இடத்தில் நான் பேசினேன். பேசத் தெரிந்தவன் பேச வேண்டிய இடம் அது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். விதி என்பது தோட்டத்தைக் காக்க வந்தது. தோட்டத்தை இழந்து விதியைக் காப்பது, வீட்டை எரித்துக் கதவைக் காப்பதற்கு ஒப்பாகும் என்றேன். பெண்கள் சிலர் "அப்டி கேளு" என்றார்கள்.

பாயம்மா முழுவதும் கேட்டார். அன்று ரேடியோ என்று சொல்லவில்லை.

"நல்லா பேசற நைனா. இத கேளு. இன்னிக்கு நானே ஊத்திக்கினேன்னு வெய்யி. செல்வி இல்லாமயே தோட்டம் நடக்குதுன்னு அவ புருஷனுக்குத் தெரிஞ்சுடும். நாளைக்கு உங்கம்மாவ உங்கப்பா நிறுத்துவாரு. அவ இல்லாமயும் நடக்கும். அப்பால இன்னொருத்தி. எல்லாரும் இல்லாமயே நடக்கறதுக்கு தோட்டம் எதுக்கு?"

அம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். வலுவான வாதம், எதிரணியில் இருந்தாலும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை நான் கண்டுகொண்டேன்.

"சரிம்மா. நீங்க இங்க உட்கார்ந்து காத்துக்கிட்டு இருக்கீங்க. அங்க செல்வி அக்கா வந்தா அடி வாங்கணும். உங்க செடி காயுது, அவங்க உடம்பு காயமாகுது. ரெண்டும் ஒண்ணா?"

பாயம்மா மெல்ல வரப்பில் அமர்ந்து, சுருண்டுகிடந்த ஒரு மிளகாய் இலையை விரலால் நீவிவிட்டார். என் வெற்றிகளில் இதைக் கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

"அத நெனைக்காமயா கீறேன்," என்றார். எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னதுபோல் இல்லை.

ஆனாலும் அம்மாவின் குடத்தை அவர் அனுமதிக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரம்வரை பெண்கள் கெஞ்சினார்கள், திட்டினார்கள், ஒருத்தி அழுதாள். பாயம்மா பாத்தியைக் காவல் காப்பவர்போல் அசையாமல் இருந்தார். யாரிடமிருந்து யாரைக் காத்தார் என்று அன்று யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திராது.

வெள்ளிக்கிழமை. வெயில் ஏறும் முன்பே ஆய்வாளர் வந்துவிட்டார். மனைக்காரரின் மேலாளர், வெள்ளைச் சட்டை மடிப்புக் குலையாமல், அவருக்குக் குடை பிடிக்காத குறையாகப் பின்னால் நின்றார். வாசலுக்கு எதிரே குமாரின் வண்டி ஜல்லியோடு நின்றது. குமார் அதன்மேல் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் அவரவர் நீர் ஊற்றும் பாத்தியின் தலைமாட்டில் நின்றார்கள். வாசற்பாத்தியின் ஓரத்தில் பாயம்மா மட்டும் இருந்தார்.

ஆய்வாளர் நேராக அதைத்தான் பார்த்தார். "இது யாரோடதும்மா?"

"என்னுது சார்."

"ஏன் காஞ்சு கெடக்கு?"

"ஊத்தறவ வரல."

"பைப்பு பக்கத்துலயே இருக்கே. நீங்களே ஊத்தியிருக்கலாமே?"

"எங்க தோட்டத்துல அந்தப் பழக்கம் இல்ல சார்."

மேலாளர் சிரித்துவிட்டார். "கேட்டீங்களா சார்? தண்ணி ஊத்தறது பழக்கமில்லையாம்! இதத்தான் மனுவுலயும் சொன்னோம்." ஆய்வாளர் சிரிக்கவில்லை, கோப்பைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். என் அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. பேசு என்கிறாரா, பேசாதே என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் தொண்டையில் ஆயத்தமாக இருந்த முதல் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால், தெருவின் மறுகோடியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் தெரிந்தது.

செல்வி வந்துகொண்டிருந்தார். நைட்டியின்மேல் துண்டு போட்டிருந்தார். இடுப்பில் குடம் தளும்பி, நடந்த வழியெல்லாம் ஈரக்கோடு விழுந்தது. தோட்டத்தில் குழாய் இருப்பதை மறந்து வீட்டிலிருந்தே தண்ணீர் சுமந்து வருகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: வெறுங்கையோடு கிளம்பியிருந்தால் பாதி வழியில் திரும்பிப் போய்விடுவோம் என்று அவர் பயந்திருக்க வேண்டும்.

குமார் பீடியை எறிந்துவிட்டு நிமிர்ந்தார். "ஏய்! இன்னா இது? ஊட்டுக்குப் போடி!"

செல்வி அவரைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குள் வந்தார். ஆய்வாளர் தாமாகவே வழிவிட்டு ஒதுங்கினார். செல்வி குனிந்து, ஒவ்வொரு செடியின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மண் சத்தத்தோடு குடித்தது. செடிகள் நிமிர்ந்துவிட்டன என்று சொல்ல எனக்கு ஆசைதான், நிமிரவில்லை. தொங்கியது தொங்கியபடியே இருந்தது.

குடம் காலியானதும் அவர் ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"சார், இதுக்கு ஊத்தறவ நான் தான். இத்தினி நாளா ஏன் வரலன்னு என்னக் கேக்காதீங்க. அதோ, ஜல்லி வண்டிகிட்ட நிக்கறாரே, அவரக் கேளுங்க."

எல்லார் முகமும் ஒரே நேரத்தில் குமார் பக்கம் திரும்பியது. மேலாளர் தம் கைபேசியில் எதையோ தேடத் தொடங்கினார். ஆய்வாளர் வண்டியைப் பார்த்தார், ஜல்லியைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு கத்தரிச் செடியின் தண்டை நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை இருந்தது.

"பயிர்ல இருக்குன்னு எழுதறேன்," என்றார். "தண்ணி ஊத்துங்கம்மா. யாராவது ஊத்துங்க."

அவருடைய வாகனம் திரும்பிப் போனது. பிறகு பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாயம்மா தன் ரவிக்கையின் கோணல் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

குமார் வாசலுக்கு வந்தார். உள்ளே கால் வைக்காமல் செல்வியிடம் சொன்னார். "நாளைக்குக் காத்தால இந்தப் பக்கம் வந்து பாரு. வந்தேன்னா அப்டியே போயிடணும். ஊட்டுக் கதவு தொறக்காது."

பாயம்மா அவர் பக்கம் திரும்பினார். "கதவ மூடிக்கோ குமாரு. என் ஊட்ல ரூம்பு காலியா தான் கீது. அவ வந்து இருந்துப்பா. உனுக்கு சோறு யாரு ஆக்குவா, அத சொல்லு மொதல்ல."

பெண்கள் சிரித்தார்கள். குமார் சிரிக்கவில்லை. செல்வியும் சிரிக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்த கூப்ட்டிருக்கலாம் பாயம்மா," என்றார் செல்வி.

"கூப்ட்டிருந்தா நீ எனக்கோசரம் வந்த மாரி ஆயிருக்கும்."

"வந்தது எதுக்கோசரமா இருந்தா இன்னா? போய்ப் படப்போறது நான் தான். உங்க ஊட்ல நான் எதுக்கு இருக்கணும்? என் ஊடு அது. என் கொழந்தைங்க துணி அங்க கீது. நீங்க வரப்புல குந்திக்கினு பாத்துக்கினே இருந்தீங்க. நாளைக்கு அந்தத் தெருவுல நான் ஒண்டியா நடந்து வரணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. பாயம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இப்போது அவர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரை நினைக்கும்போதெல்லாம் விதி சொன்ன முகத்துக்கு முன்பாக அந்தக் குனிந்த தலைதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் எதிர்பார்த்ததில் தவறில்லை. அதற்கு விலை கொடுத்தவரோ அவரல்ல, செல்வி. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நேசிக்க முடிந்தது.

குமார் வண்டியை நோக்கித் திரும்பினார். பத்துப் பேருக்கு மேல் இருந்த அந்த இடத்தில் நாளைக் காலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போனேன். மேடைக்கென்று வைத்திருந்த தமிழ் ஒன்றும் நாவில் இல்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"குமார் அண்ணே, நாளைக்கு விடிஞ்சதும் நானும் எங்கம்மாவும் உங்க வீட்டு வாசல்ல நிப்போம். அக்கா குடத்தோட வெளிய வந்தா கூட நடந்து வருவோம். திரும்பிப் போறப்பவும் கூட வருவோம். கதவு தொறக்கற வரைக்கும் நகர மாட்டோம். வர வேணாம்னு அக்கா சொன்னா மட்டும்தான் போவோம், நீங்க சொன்னா இல்ல. நாளைக்கு மட்டுமில்லண்ணே. தினமும்."